சீலிங்கில் விழுந்த கோடு

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. கொக்கு தன் சகலைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அது.

கொக்கு என்பது பெயின்ட் வேலைக்குப் போன இடத்தில் வைத்த பெயர். ஆள் உயரம், கழுத்து நீளம். ஏணியில் இரண்டு படி ஏறினாலே சீலிங் கைக்கு எட்டிவிடும். சகலை நேர்மாறு. குட்டையாக, உரல் மாதிரி இருப்பார். அக்காவை அவர் கட்டினார், தங்கையை இவன் கட்டினான். சீலிங் இவனுக்கு, சுவர் அவருக்கு என்று பிரித்துக்கொண்டு, கூட்டாகச் சக்கரம் வைத்த ஒரு சாரமும் ஒரு பெயின்ட் மெஷினும் வாங்கிப்போட்டு, பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் காய்ச்சல். ஜன்னலைத் திறக்காமல் ஒரு வீட்டுக்குள் வேலை செய்தபோது இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதில் இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சகலை படுத்தார், எழுந்துவிட்டார். கொக்கு படுத்தான், எழுந்தான், மறுபடி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆகிறது. அசதி மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பாக்கியில் மூன்று துண்டு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டாயிரம். வேலையில்லாமல் கிடந்த நாட்களில் வீட்டுச் செலவுக்குப் பன்னிரண்டாயிரம். இந்த இரண்டும் சகலை கையால் வந்தாலும் பணம் அக்காவுடையது. பல் கட்டிக்கொள்ள அவள் சேர்த்து வைத்திருந்தது. அதனால் இப்போது ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறாள். பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் வரும்.

மீதி எட்டாயிரத்து நானூற்று ஐம்பது தண்டம். அதே வீட்டின் சீலிங்கைக் கொக்கு அடித்து முடித்ததும் கோடு கோடாகத் தெரிகிறது என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். வேறு ஆள் வைத்து மறுபடி அடித்துக் கொடுத்த செலவை சகலை இவன் தலையில் எழுதிவிட்டார்.

சீலிங் அடிக்கிறவன் நடுவில் நிற்கக் கூடாது. ரோலர் இழுத்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுப்பு அதோடு சேர வேண்டும். ஓரம் காய்ந்த பிறகு சேர்த்தால் அந்த இடம் பட்டையாகக் காட்டிக் கொடுத்துவிடும். மொத்த சீலிங்கையும் இன்னொரு கை, அதாவது இன்னொரு பூச்சு, அடித்தால்தான் மறையும். கொக்குக்குத் தொழிலில் இருந்த பெயரே, அவன் கைக்குக் கோடு விழாது என்பதுதான். அந்தப் பெயரும் அந்த வீட்டோடு போயிற்று.

நேற்று சாயங்காலம் சகலை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"எனக்கும் அதே காய்ச்சல்தான் வந்துச்சு சகலை. நான் எழுந்து வரலையா? நாளைக்கு லைப்ரரி ஹால் சீலிங், கடைசி கை. மறுநாள் காலையில திறக்கறாங்க. ஒரே மூச்சுல முடிச்சுக் குடு, தண்டத்தைத் தள்ளிடறேன், மீதியைக் கூலியில கழிச்சுக்கலாம். முடியாதுன்னா சாரத்துலயும் மெஷின்லயும் உன் பங்கை என் பேருக்கு விட்டுட்டு வேற வேலையைப் பாரு."

கொக்குக்கு வேறு வேலை தெரியாது. அது சகலைக்கும் தெரியும்.

*

காலையில் முதல் டோக்கன் வாங்கி, கொக்கும் அவன் மனைவியும் டாக்டரம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி தையல் கடையில் பட்டன் வைக்கிற வேலை செய்கிறவள். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, வைக்க வேண்டிய பட்டன்களையும் சட்டைகளையும் ஒரு பையில் கூடவே கொண்டு வந்திருந்தாள்.

"எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்," என்றார் டாக்டரம்மா.

கொக்கின் முகம் தொங்கிவிட்டது. ஏதாவது ஒன்று குறைந்தோ கூடியோ இருந்திருந்தால், அதை சகலையிடம் நீட்டியிருக்கலாம்.

"அப்ப இவருக்கு ஒண்ணும் இல்லையா டாக்டர்?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்லேன்னு நான் சொல்லலையேம்மா. ரத்தம் குறைஞ்சிருக்கா, தைராய்டா, சர்க்கரையான்னு பார்த்தோம். அதெல்லாம் இல்லே. அவ்வளவுதான் இந்தக் காகிதம் சொல்லும்."

அவனைப் படுக்கவைத்து நாடி பார்த்தார். எழுந்து நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டு மறுபடி பார்த்தார். சும்மா நின்றதற்கே, மூட்டை தூக்கி மாடி ஏறியவனுக்கு அடிப்பதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இதோ, இது ரத்தப் பரிசோதனையில வராது."

"காய்ச்சல் போயி இவ்வளவு நாளாச்சே. ஏன் இப்படி?"

"இதனாலதான்னு ஒண்ணைக் கை காட்ட முடியாது. கிருமியை விரட்ட உடம்பு சண்டை போடுது. சிலருக்கு கிருமி போனப்புறமும் அந்தச் சண்டை அடங்கறதில்லே. நிக்கும்போது ரத்தத்தை மேலே ஏத்துற வேலை தடுமாறுது. தூங்கினாலும் தூங்கி எழுந்த தெம்பு வர்றதில்லே. படுத்தே கிடந்ததுல சதையும் தளர்ந்துடுது. இதுல எது எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி கொக்கு கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நம்பலாம் என்று தோன்றியது.

"நல்லா இருக்கிற நாள்னு நடுவுல ஏதாவது வருதா?"

"வருதுங்க."

"அன்னிக்கு என்ன செய்வீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அன்னிக்கு இவரைப் பார்க்கணுமே! பீரோவை நகர்த்துவாரு, தண்ணித் தொட்டியைக் கழுவுவாரு, கேக்காமலே பக்கத்து வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பாரு. படுத்துக் கிடந்ததுக்கெல்லாம் வட்டி கட்டற மாதிரி."

"மறுநாள்?"

"மறுநாள், இல்லேன்னா அதுக்கு மறுநாள் விழுந்துடுவாரு. அப்புறம் சட்டை பட்டனைப் போடறதுக்கே உட்கார்ந்து உட்கார்ந்து போடுவாரு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்க நல்ல நாள்தான் உங்களைக் கெடுக்குது."

"களைச்சதும் நிறுத்திடணும்ங்கறீங்க."

"களைச்சப்புறம் நிறுத்தினா லேட்டு. தெம்பு இருக்கும்போதே, பாதியிலே உட்காரணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்."

கொக்கு சிரித்துவிட்டான். "எங்க தொழில்ல பாதியில நிறுத்தினா கோடு விழும்ங்க."

"எங்க தொழில்ல, நிறுத்தலேன்னா ஆள் விழும்," என்றார் அவர்.

இன்றைக்கு வேலை இருக்கிறது என்றான். தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். நாளைக்குக் காலையில் திறக்கிறார்கள் என்றான். அப்படியானால் பாதியோடு இறங்குங்கள், அதுவும் உட்கார்ந்து உட்கார்ந்து, என்றார்.

எழுந்த மனைவி மறுபடி உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு டாக்டர். எங்க மாமாவுக்கும் இதே காய்ச்சல். அவரு கல்லு மாதிரி இருக்காரே?"

"ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி. அவர் காய்ச்சல்ல நல்லா ஓய்வு எடுத்தாரா?"

"எடுத்தாரே. கட்டிலை விட்டு இறங்கலை."

"இவரு?"

அவள் வாய் பாதி திறந்து அப்படியே நின்றது. மேஜைக்கு அடியில் கொக்கு அவள் காலை மிதித்தான்.

"காய்ச்சலோட வேலை செஞ்சாரா?" என்றார் டாக்டரம்மா. "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதேதான்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

*

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கட்டில்ல போர்த்திக்கிட்டுக் கிடந்தாரு. அந்த வீட்டை முடிச்சுக் குடுக்கலேன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்கன்னு அக்கா போன்ல அழுதா. அதே காய்ச்சலோட நீங்கதானே போயி சீலிங் அடிச்சீங்க? வந்த அன்னிக்கே சுருண்டீங்க. அதுக்கு ஆஸ்பத்திரி செலவு நம்ம பாக்கி, கோடு விழுந்த தண்டமும் நம்ம பாக்கி! நான் இன்னிக்கு மாமா மூஞ்சிக்கு நேரா கேக்கப் போறேன்."

"கேக்காதே."

"ஏன்?"

"செஞ்சதைச் சொல்லிக் காட்டினா, செஞ்சதும் போச்சு, உறவும் போச்சு."

"சொல்லாம இருந்தா சாரம் போகுதே!"

பேருந்து வந்துவிட்டது.

*

நூலகத்தின் படிக்கும் ஹால் நீளமாகக் கிடந்தது. அலமாரிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சீலிங்கில் தூலம் கிடையாது, தடுப்பு கிடையாது, மொத்தமும் ஒரே பலகை மாதிரி. சரியாக நடுவில் மட்டும் குறுக்கே ஒரு வரிசை டியூப் லைட்.

மனைவி மேலே பார்த்தாள். "இந்த லைட்டு வரிசையோட நிறுத்தினா கோடு தெரியுமா?"

கொக்கு அண்ணாந்து பார்த்தான். "தெரியாது. லைட்டுப் பட்டைக்கு அடியில மறைஞ்சுடும்."

"அப்ப அங்கே இறங்கறீங்க. களைச்சாலும் களைக்கலேன்னாலும். ஒரு மணி நேரம் படுத்துட்டு மீதிப் பாதி."

"சரி."

சகலை வாளியைக் கலக்கிக்கொண்டே வந்தார். "என்ன கொழுந்தியா, நீயும் வேலைக்கு வந்துட்டியா? பட்டன் வைக்கற சீலிங் இது இல்லையே."

"பட்டன் அறுந்து விழுந்தா வைக்கலாம்னு வந்தேன் மாமா," என்று சொல்லிவிட்டு ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரிப்போர்ட் நார்மல்," என்றான் கொக்கு.

"நான்தான் சொன்னேனே!" என்றார் சகலை. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "மனசுதான் சகலை காரணம். ஏறு மேலே."

கொக்கு சாரத்தில் ஏறினான். சகலை ஏணி போட்டு ஓரங்களைப் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே முன்னால் போனார், இவன் பின்னாலேயே ரோலரை ஓட்டினான். ரோலர் பெயின்டைக் குடித்து, சீலிங்கில் ஒட்டி, சப்புக்கொட்டுகிற சத்தத்தோடு நகர்ந்தது. தோள் தானாக வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டது. மூன்று மாதமாக உடம்பில் ஈரத்துணி சுற்றியதுபோல் இருந்த பாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நல்ல நாள்.

"பார்த்தியா கையை!" என்றார் சகலை கீழேயிருந்து. "கொக்கு கொக்குதான்."

அந்தப் பாராட்டைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! லைட் வரிசை தலைக்கு மேலே வந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி. "லைட்டு வந்துடுச்சு. இறங்குங்க."

அவன் ரோலரை வாளியில் முக்கினான்.

"ஏங்க!"

"இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"கொஞ்ச தூரம் இல்லே, சரிபாதி இருக்கு. சொன்ன பேச்சு என்ன?"

"விடு கொழுந்தியா," என்றார் சகலை. "ஓட்டம் பிடிச்ச கையை நிறுத்தினா மறுபடி வராது. தள்ளு சகலை!" என்று அவரே சாரத்தின் சக்கரத்தை உதைத்து முன்னால் நகர்த்தினார்.

லைட் வரிசை பின்னால் போய்விட்டது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை சாரத்தை நகர்த்தினார்கள். மூன்றாவது நகர்த்தலில், ரோலர் தடியின் எடை ஒரே இழுப்பில் கூடிவிட்டது. தடி அதேதான். காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் சத்தங்கள் தூரப் போயின. அவன் சீலிங்கைப் பார்த்தான். வெள்ளையில் எது அடித்தது, எது அடிக்காதது என்று தெரியவில்லை. சாரத்துப் பலகையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது போதவில்லை, படுத்துவிட்டான். ரோலர் உருண்டு கீழே பிளாஸ்டிக் தாளில் விழுந்தது.

"ஓரம் காயுது சகலை!" என்று கத்தினார் சகலை. "எழுந்திரு, இன்னும் ரெண்டு இழுப்பு!"

கொக்கின் கை பலகையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவி சட்டையை உதறிவிட்டு ஓடிவந்தாள். சாரத்தில் பாதி ஏறி அவன் முகத்தைத் தொட்டாள். கண் திறந்திருந்தது. "பேச்சு வருதா?"

"வருது. ஆனா அதுக்கும் தெம்பு வேணும்."

சகலை ரோலரை எடுத்துத் துடைத்து மேலே ஏறினார். கழுத்தை அண்ணாந்தால் அவருக்குத் தலை சுற்றும், அதனால்தான் அவர் சுவர்க்காரர். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கொக்கு விட்ட இடம் அதற்குள் காய்ந்திருந்தது. புதுப் பெயின்ட் பழைய ஓரத்தில் ஏறி உட்கார்ந்ததும், சீலிங்கின் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு பட்டை விழுந்தது. பெரிய ஜன்னலுக்கு நேர் எதிரே, கண்ணாடி போடாதவருக்கும் தெரிகிற இடத்தில்.

சகலை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது, கொழுந்தியாளைப் பார்த்து விழுங்கினார். பிறகு கோட்டைப் பார்த்தார். பலகையில் படுத்துக் கிடக்கிறவனைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். ரோலரை வாளிமேல் வைத்துவிட்டு, பலகையில் அவன் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"சகலை. அந்த வீட்டு சீலிங் அடிச்சப்போ, எத்தனை தடவை இப்படி ஆச்சு?"

"எண்ணலைண்ணே."

"நான் எண்ணினேன்." சகலையின் குரல் இறங்கியிருந்தது. "தண்டத்துக்குக் கணக்குப் போடணும்னு வீட்டுக்காரர் எதிரிலேயே ஒவ்வொரு கோடா கை காட்டி எண்ணினேன். பதினொண்ணு."

சகலை விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"பதினோரு தடவை இறங்கி உட்கார்ந்துட்டு மறுபடி ஏறியிருக்கே."

"உட்காரலை. தரையில படுத்தேன். தரை ஜில்லுன்னு இருந்துச்சு."

"அன்னிக்கு எவ்வளவு காய்ச்சல் இருந்துச்சு?"

"உங்களுக்கு எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுதான்."

சகலை இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். கையிலிருந்த வெள்ளை முகத்தில் ஏறியது. மனைவிக்கு அந்தப் பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணவன் முகத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். கோடு சொன்னதற்கு மேல் அவள் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை.

"நான் கோடுகளைத்தான் பார்த்தேன்," என்றார் சகலை. "நடுவுல என்ன நடந்துச்சுன்னு யோசிக்கலை. கை கெட்டுப்போச்சு உனக்குன்னு நாலு பேர்கிட்ட சொல்லியும் வச்சேன்."

"இந்தக் கோட்டை என்ன பண்றது?" என்றான் கொக்கு.

"இதை அடிக்கணும்னா மொத்த சீலிங்கையும் அடிக்கணும். உன்னாலயும் ஆகாது, என்னாலயும் ஆகாது. மீதியை நானே எப்படியாவது தள்ளி விடறேன். காலையில திறக்க வர்ற ஆபீசர் அண்ணாந்து பார்க்காம இருந்தா நம்ம அதிர்ஷ்டம்."

"சாரத்துல என் பங்கு?"

"எவன்டா பங்கைப் பத்திப் பேசினது!" என்று தானே பேசியதை மறந்தவர்போல் கத்தினார். "உனக்கு டாக்டர் என்னதான் சொன்னாங்க? அந்த நார்மலை விட்டுட்டு மீதியைச் சொல்லு."

கொக்கு படுத்தபடியே மனைவியைப் பார்த்தான். அவள் சொன்னாள். சண்டை அடங்காத உடம்பு, நிற்கும்போது ஏறாத ரத்தம், நல்ல நாள் செய்கிற கெடுதல், பாதியில் இறங்க வேண்டியது, எல்லாம். சகலை லைட் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கேயே இறங்கச் சொன்னியே கொழுந்தியா. நான்தானே சாரத்தை உதைச்சேன்."

"ஆமாம் மாமா," என்றாள் அவள். அதை மட்டும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

"சரி. இனிமே இவன் போற வேலையில எங்கே நிறுத்தணும்னு முதல்ல பார்ப்போம், அப்புறம் வாளியைத் திறப்போம். பாதி அடிச்சா பாதிக் கூலி. யாரும் யாரையும் உதைக்க வேண்டாம்." எழுந்து ரோலரை எடுத்தவர், முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "அந்தப் பாக்கியும் முடிஞ்சுது."

"தண்டமா?"

"மொத்தமும்டா. ஆஸ்பத்திரி, வீட்டுச் செலவு, தண்டம், எல்லாம் தள்ளியாச்சு. இன்னொரு தடவை கேட்டா மனசு மாறிடும், கேக்காதே."

கொக்கு கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுப் பக்கம் போனது. அதைத் துடைக்கக் கையைத் தூக்குவது அவனுக்கு இப்போது பெரிய வேலை. மனைவிதான் முந்தானையால் துடைத்தாள். துடைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாமா. முப்பதாயிரம் அக்காவோட பல்லுப் பணம்."

ரோலர் நின்றுவிட்டது. ஓரம் காயுமே என்றுகூட சகலைக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பெயின்ட் விரலால் எடுத்தார். அக்காவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"என்னாச்சு? சீலிங்கை முடிச்சாரா, இல்லையா? பாக்கி என்ன ஆச்சு?"

சகலை கோட்டைப் பார்த்தார். பலகையில் கிடக்கிற நீளமான கால்களைப் பார்த்தார்.

"பாக்கியா?" என்றார். "அடைஞ்சுடுச்சு. ஒரு பைசா விடாம."

"நிஜமாவா! அப்ப வரும்போது பணத்தைக் கையோட கொண்டாங்க. நாளைக்குக் காலையிலயே பல் டாக்டர்கிட்ட போயிடலாம்."